ரமாபாய் ஏன் வேலையை விட்டாள்

போலீசுக்குப் பயந்துதான் ரமாபாய் வேலையை விட்டாள் என்று வியாசர்பாடி ஹவுசிங் போர்டு படிக்கட்டில் உட்கார்ந்து பேசுகிறவர்கள், அதே பேச்சை அவள் அம்மா பூவம்மாவின் முகத்துக்கு நேரே ஒரு தரம் பேசிப் பார்க்கட்டும். பயப்படுகிற பெண் ஸ்டேஷனுக்குள் தானாக நடந்து போவாளா? ஆபீசில் துரத்திவிட்டார்கள் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அதுவும் பொய். மூன்றாவதாக ஒரு பேச்சு இருக்கிறது: கேரம் ஆடுகிற அறிவு என்கிற பையனைப் போலீசில் மாட்டிவிட்டதே அவள்தான் என்று. அதில் ஒரு பிடி அரிசியளவு உண்மை உண்டு. அந்த ஒரு பிடியை வைத்துக்கொண்டுதான் ஊர் அண்டா நிறையச் சோறு வடித்துவிட்டது. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் வேண்டும்.

ரமாபாயின் அப்பா கிருஷ்ணப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அம்பேத்கர் மன்றத்தில் உறுப்பினர். பெண் பிறந்ததும் அண்ணலின் மனைவி பெயரையே வைத்தார். அவள் சட்டம் படித்துக் கருப்பு அங்கி போட்டதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பது வேறு கதை, அதை இதில் கலக்கத் தேவையில்லை.

முதல் சில வருஷம் ஜாமீன் எடுக்கிற வேலைதான். ஒருத்தனை வெளியே கொண்டுவந்தால், அடுத்த வாரம் அவன் தம்பியைப் பிடித்திருப்பார்கள். அந்த வாசலிலேயே நின்று நின்று அலுத்துப்போய், பிடிக்கிற விதியையே மாற்ற வேண்டும் என்று உரிமைக் கூடத்தில் சேர்ந்தாள். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், வலைக்கயிறு விற்கிற கடைக்கு மேல் மாடியில் இருக்கிற சங்கம் அது. அங்கே இரண்டு வகை ஆட்கள். ஒரு வகை, கோர்ட்டில் வழக்கு நடத்துகிறவர்கள். இன்னொரு வகை, சட்டம் எப்படி இருக்க வேண்டும், எப்படி இருக்கக் கூடாது என்று அரசாங்கத்தோடு மல்லுக்கு நிற்கிறவர்கள். அந்த இரண்டாவது கூட்டத்துக்கு ரமாபாய்தான் தலைவி. எம்.எல்.ஏ. வீடு, செயலாளர் அறை, பத்திரிகை ஆபீஸ் என்று எல்லா வாசலிலும் அவள் செருப்பு கிடந்திருக்கிறது.

போன வருஷம் அவள் கையில் இருந்தது முக விவகாரம். வேலை முடிந்து வருகிற பையன்களைச் சாலையில் நிறுத்தி, போலீஸ் தங்கள் போனில் படம் பிடிக்கிறார்கள் அல்லவா, அது. அந்த போன், பிடித்த முகத்தைப் பழைய குற்றவாளிகளின் முகங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டாலும் முகம் உள்ளேயே தங்கிவிடும். அதுவரை வழக்கமாக நடந்துகொண்டிருந்ததை இனிமேல் விதியாகவே ஆக்கப்போகிறோம், கருத்துச் சொல்லுங்கள் என்று அரசாங்கம் ஒரு குழுவைப் போட்டது. வழக்கு இல்லாதவன் முகத்தை எடுக்காதே, எடுத்ததை அழித்துவிடு என்று ரமாபாயின் குழு ஓர் அறிக்கை தயார் செய்தது.

அந்த அறிக்கைக்கு உயிர் கொடுத்தவன் அறிவு, வியாசர்பாடிப் பையன். திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு வேலை. இரவு ஷிப்டு முடிந்து வரும்போதெல்லாம் நிறுத்துவார்கள், சுவரோடு நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள். எத்தனை தரம் என்பது அவனுக்கே மறந்துவிட்டது.

ரமாபாயிடம் ஒரு வழக்கம் இருந்தது. யார் எதைச் சொன்னாலும், எழுதிய பிறகு அதை அவர்கள் பேசுகிற பேச்சிலேயே திரும்பப் படித்துக் காட்டுவாள். சரி என்றால்தான் வைத்துக்கொள்வாள். சொன்னவர் பின்னால் வேண்டாம் என்றால், எந்த நிமிஷமானாலும் எடுத்துவிடுவாள். தன் குழுவுக்கு அவள் போட்ட முதல் விதியே அதுதான்.

அறிவின் வீட்டிலும் படித்துக் காட்டினாள்.

"நான் சொன்னா மாதிரியே கீதுக்கா" என்றான் அறிவு. "பேர மட்டும் போடாத."

அவன் அம்மா ராமசெல்வி வாசல்படியில் குந்தியிருந்தாள். "மெய்யாலுமே பேரு வராதுல்ல ரமா?"

"வராது அத்தே. நான் கீறேன்ல."

பெயரை மாற்றினாள். வயதை மாற்றினாள். வியாசர்பாடி என்கிற சொல்லையே எடுத்தாள். ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள்: அந்தப் பையன் இடது கையால் கேரம் அடிப்பான், பொங்கல் போட்டியில் கோப்பை வாங்கியவன் என்று ஒரு வரி.

அவள் குழுவில் இருந்த மொஹ்சின் கேட்கத்தான் கேட்டான். "அக்கா, எடது கை வோணுமா?"

"இருக்கட்டும்டா. அந்த ஒரு வரிலதான் அவன் ஆளா தெரியறான். இல்லாங்காட்டி எண்ணிக்கையில ஒண்ணு, அவ்ளோதான்."

அவள் செய்த பிழை அதுதான். வெளியூர்க்காரி செய்திருந்தால் மன்னிக்கலாம். இந்தப் பக்கம் ஒருவனைப் பெயர் சொல்லித் தேடினால், எந்த ஆள் என்று பத்துப் பேர் முழிப்பார்கள். எந்தக் கையால் ஸ்ட்ரைக்கரைத் தட்டுவான் என்று சொன்னால் போதும், வீட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். இங்கேயே பிறந்தவளுக்கு அது தோன்றாமல் போனது. அதிகாரிகளின் மனசைத் தொட வேண்டும் என்கிற நினைப்பில், அக்கம்பக்கத்தின் கண்ணை மறந்துவிட்டாள்.

அறிக்கை வெளியானது. ஒரு பத்திரிகை அந்தப் பகுதியை அப்படியே எடுத்துப் போட்டது. கேரம் மன்றத்தில் எழிலன் என்று ஒருவன், மன்றத்துக்கு அவன்தான் எல்லாம். அதைப் படித்ததும் கத்தரித்து, கோப்பைகள் இருக்கிற சுவரில் ஒட்டி, மேலே சிவப்பு மையில் 'நம்ம அறிவு' என்று எழுதிவிட்டான். பூச்சரம் வேறு. வஞ்சம் ஒன்றும் இல்லை, பெருமைதான். நம் பையன் பேப்பரில் வந்துவிட்டான் என்று வந்தவன் போனவனுக்கெல்லாம் டீ.

அந்த டீக்கு வந்தவர்களில் ரோந்துக் கான்ஸ்டபிள் ஒருவரும் உண்டு. குடித்துக்கொண்டே நின்று முழுசும் படித்தார்.

மறுநாள் மத்தியானம் யார்டு வாசலிலேயே அறிவை ஜீப்பில் ஏற்றினார்கள்.

ராமசெல்வி உரிமைக் கூடத்து மாடி ஏறி வந்தபோது மூச்சு வாங்கவில்லை, அழவில்லை. "இஸ்த்துகினு பூட்டாங்க ரமா" என்றாள். "பேரு வராதுன்ன."

இரண்டு பேரும் ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனார்கள். வழியில் எண்ணெய் லாரி ஒன்று சிக்னலில் மறித்து நின்றபோது ராமசெல்வி இறங்கி நடக்கப் பார்த்தாள். ரமாபாய் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்கதானா அந்த உரிமை மேடம்? உக்காருங்க. சும்மா விசாரணைதான். தம்பிக்கு டீ கூட வாங்கிக் குடுத்திருக்கோம்."

"என்ன வழக்கு சார்?"

"வழக்குன்னு யார் சொன்னா?"

"அப்ப எதுக்கு உள்ள வெச்சிருக்கீங்க?"

அவர் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் போனைத் தூக்கி ரமாபாயின் முகத்துக்கு நேரே பிடித்தார். க்ளிக் என்று சத்தம் கேட்டது. பிறகு ராமசெல்விக்கு நேரே திருப்பினார். ரமாபாய் குறுக்கே போய் நின்றாள்.

"எந்தச் சட்டத்துல எடுக்கிறீங்க?"

"சட்டந்தான் வரப்போவுதே மேடம்" என்று சிரித்தார் கான்ஸ்டபிள். "நீங்கதான அதப் பத்தி புக்கு போட்டுகினு கீறீங்க."

பொழுது சாய்வதற்குள் அறிவை விட்டுவிட்டார்கள். அடி இல்லை. காதோடு ஒரு வார்த்தை மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "கமிட்டிக்காரங்க முன்னாடி போய் நில்லு தம்பி. அப்பறம் பாக்கலாம்." வெளியே வந்ததும் அறிவு இடது கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டவன், வீடு வரைக்கும் வெளியே எடுக்கவே இல்லை.

வாசலில் ராமசெல்வி திரும்பி நின்றாள். "உன்ன திட்றதுக்கு எனுக்கு வாய் வரல ரமா. நீ எங்க கிருஷ்ணப்பண்ணன் பொண்ணு. ஆனா எம்புள்ள சொன்னது இனிமே எங்கயும் இருக்கக் கூடாது. எட்த்துரு. அவ்ளோதான்."

"எட்த்துர்றேன் அத்தே."

சொல்லிவிட்டாள். ஆனால் அரசாங்கக் குழு நேரில் கருத்துக் கேட்கப்போவது திங்கட்கிழமை. அறிக்கை ஏற்கெனவே அவர்கள் மேசைக்குப் போய்விட்டது.

உரிமைக் கூடத்தின் இயக்குநர் ஹென்றி, நரைத்த மனிதர், நல்லவர்தான். ராயபுரம் மாதா கோயில் தெருவில் பிறந்து, இந்த வேலையிலேயே முடி கொட்டியவர். மறுநாள் சேதியைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பகுதியை எடுத்தா அறிக்கையில என்ன மிச்சம் இருக்கு ரமா? வெறும் எண்கள். எண்களைப் பாத்து எந்தக் கமிட்டி மனசு மாறியிருக்கு?"

"அவங்க வேணாம்னுட்டாங்க சார்."

"அச்சாகிறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா சரி."

"எந்த நிமிஷமானாலும்னுதான் நான் அவங்க கிட்ட சொன்னேன். அச்சுக்கு முன்னாடின்னு சொல்லல."

"இந்த விதி வந்துட்டா இன்னும் எத்தனை அறிவு? அதை யோசிச்சீங்களா? ஒருத்தனைக் காப்பாத்தப் போய் எல்லாரையும் விட்டுடறதா?"

ஹென்றி சொன்னது பொய் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஹார்பர் லாரிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றிருந்தன.

"ஒரு முகம்தான சார் வேணும்" என்றாள் ரமாபாய். "என் முகத்தை எடுத்துட்டாங்க. எந்த வழக்கும் இல்லாம, ஸ்டேஷன் உள்ளயே வெச்சு. நான் போய் சொல்றேன். என் பேரு, என் விலாசம் எல்லாம் போட்டு."

ஹென்றி தலையை ஆட்டினார். "முடியாது. அறிக்கை எழுதினவங்களே பாதிக்கப்பட்டவங்களா வந்து நின்னா, கமிட்டி என்ன சொல்லும்? இவங்களே கேஸ் தயார் பண்ணிக்கிறாங்கன்னு சொல்லும். சங்கத்தோட பதிவையே ரத்து பண்ணப் பாப்பாங்க. இங்க தலைவியா இருங்க, இல்ல அங்க சாட்சியா இருங்க. ரெண்டுமா இருக்க முடியாது ரமா."

யார் வேண்டுமானாலும் சொந்தப் பெயரில் பேசலாம் என்று அரசாங்கக் குழுவின் அறிவிப்பிலேயே இருந்தது. அன்று சாயங்காலம் அவள் தன் பெயரைப் பதிந்துவிட்டாள். தொழில் என்கிற இடத்தில் வக்கீல் என்று மட்டும் போட்டாள்.

வீட்டில் பூவம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மகள் சொன்னதைக் கேட்டும் கை நிற்கவில்லை.

"வேலைய வுட்டுட்டு இன்னாத்த துன்றது?"

"கோர்ட்டு கீதும்மா. பழைய வேலைதான்."

"உன்ன அள்ளிகினு பூட்டா நான் யாராண்ட போய் நிக்கறது?"

"உரிமைக் கூடத்தாண்ட போ. வருவாங்க."

"அங்கதான் நீயே இருக்க மாட்டியே."

சோறு போடும்போது பூவம்மா மீன் குழம்பில் இருந்த நடுத்துண்டை மகள் தட்டில் வைத்தாள். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த ஞாயிறு முழுக்கத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, யார் கதவைத் தட்டினாலும் தானே எழுந்து போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலையில் ரமாபாய் வழக்கமான நேரத்துக்கு முன்பே ஆபீசுக்குப் போனாள். இன்னும் தலைவிதானே, தலைவியாகச் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. மொஹ்சினைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அறிக்கையில் அந்தப் பகுதியை நாங்கள் திரும்பப் பெறுகிறோம், அதன்மேல் எந்தக் கேள்வியும் கேட்க வேண்டாம், எந்தப் பதிவிலும் வைக்க வேண்டாம் என்று அரசாங்கக் குழுவுக்கு மெயில் அனுப்பினாள். போய்ச் சேர்ந்துவிட்டதா என்று போன் போட்டு விசாரித்தாள். சங்கத்தின் இணையதளத்தில் இருந்ததையும் எடுக்கச் சொன்னாள். மொஹ்சின் எடுத்தான்.

"இத்தோட போச்சாக்கா?"

"மிச்சத்த நீ பாரு. எண்ணெல்லாம் உனுக்குத்தான் மனப்பாடம். இன்னிக்கி சங்கத்து பேர்ல நீதான் பேசற."

"நீ பேசும்போது நானும் அங்கதான கீறேன். சேந்தே போலாம்க்கா."

"வாணாம். நீ ஹென்றி சார் கூட வா. என்னப் பாத்தா தலைய கூட ஆட்டாத. கூட்டாளின்னு சொல்லிடுவாங்க."

ஹென்றி வந்தார். மெயிலை அவர் வழியிலேயே பார்த்துவிட்டிருந்தார். அவள் கழுத்தில் இருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசையில் வைத்தாள். அலமாரிச் சாவியை அதன் பக்கத்தில் வைத்தாள். அவர் எதையும் தொடவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம பண்ணிட்டீங்க."

"கேட்டிருந்தா வேணாம்னிருப்பீங்க சார்."

"ஆமா" என்றார் அவர். "கதவு திறந்துதான் இருக்கு ரமா. எப்ப வேணா வரலாம்."

"அத இன்னிக்கி சொல்லாதீங்க சார். கேக்கறவங்க காதுல வுழுந்தா, நானும் சங்கமும் ஒண்ணுன்னு ஆயிடும்."

ஹென்றி எழுந்து மாடிப்படி வரைக்கும் வந்தார். "யாரையாவது கூட்டிட்டுப் போங்க. தனியாப் போகாதீங்க."

அவள் கதவுக்கு வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒன்று மொஹ்சினின் ஷூவுக்கு அடியில் போயிருந்தது. குனிந்து இழுத்து மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். கீழே கயிற்றுக் கடைக்காரர், "இன்னா மேடம், இப்பத்தான் மேல போனீங்க?" என்றார். கையை மட்டும் ஆட்டிவிட்டு, லாரிகளுக்கு நடுவே புகுந்து சாலையின் அந்தப் பக்கம் போய், குழு கூடுகிற இடத்துக்குப் போகிற பஸ்ஸுக்கு நின்றாள்.