அக்காவைத் தலைவராக்கினோம்

எங்கள் பெண்கள் கபடிக் குழுவில் பதவிக்குப் பஞ்சமே கிடையாது. தலைவர், துணைத் தலைவர்கள், செயலாளர், ஆலோசகர் என்று ஃப்ளெக்ஸில் முகம் வைக்க இடம் போதாது. ஆடுகிற நாங்கள் ஒரு ஓரத்தில் தபால்தலை அளவுக்கு இருப்போம். ஆனால் சாயங்காலம் கோடு போட, தண்ணீர் பிடிக்க, இருட்டியதும் எங்களை வீடுவீடாகக் கொண்டுபோய் விட ஒரே ஆள்தான் இருந்தார். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கடை வைத்திருந்த அக்கா. பூ மூட்டை ஏற்றுகிற தன் வண்டியிலேயே எங்களையும் ஏற்றிக்கொள்வார்.

வடமதுரைப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்திதான் எங்கள் ரைடர். பிளஸ் டூ முடித்திருந்தாள். எதிரணிக்குள் போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டாள். மாவட்ட அணித் தேர்வுக்கு அவளைத் தயார் செய்துகொண்டிருந்தோம். "அக்கா கூட்டியாந்து விடுறதா இருந்தா வரட்டும்" என்று சொல்லித்தான் அவள் அப்பா அனுப்பினார்.

இந்த நேரத்தில் கமிட்டிக்காரர்களுக்கு நன்றியுணர்ச்சி பொங்கியது. இத்தனை வருஷம் உழைத்தவருக்கு மரியாதை வேண்டாமா என்று அக்காவை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தித் தலைவராக்கினார்கள். அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. நானும் கை வலிக்கத் தட்டினேன்.

மறுநாள் அக்கா வண்டியை எடுக்க, செயலாளர் ஓடிவந்து தடுத்தார்.

"தலைவர் போயி வண்டி ஓட்டுறதா? பாக்குறவுக நம்மளத்தான கேவலமாப் பேசுவாக!"

"அட போங்கப்பா, ஓட்டுனா கிரீடம் கீழ விழுந்துருமா?"

விடவில்லையே அவர்கள்! வேறு ஆள் போட்டாயிற்று என்றார்கள். அக்காவும் நம்பிக் கடையோடு இருந்துவிட்டார். போட்ட ஆளுக்குச் சம்பளம் கொடுக்க யாருமில்லை, அவர் சீக்கிரமே நின்றுவிட்டார். ஆட்டோவுக்காவது கொடுங்கள் என்று, எங்களுக்குக் கப்பும் சட்டையும் வாங்கித் தருகிற நன்கொடையாளரிடம் கேட்டோம்.

"கப்புல பேரு போடலாம், சட்டையில போடலாம். ஆட்டோவுல போற புள்ளைக்கு நான்தான் குடுத்தேன்னு எவனுக்குத் தெரியும்?"

அந்த மாதம் இன்னும் உயரமான கப் ஒன்று வந்தது. எங்கள் ரைடர் வருவதை நிறுத்திவிட்டாள். எனக்கு இன்னமும் ஆத்திரம் அடங்கவில்லை.

விஷயம் காதில் விழுந்ததுமே அக்கா கடையைச் சாத்திவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். அவள் அப்பா கோபப்படவில்லை. "உக்காருங்கம்மா, செத்த நேரத்துல வந்துரும்" என்றார். சொன்னபடியே நூல்மில் வேன் வாசலில் வந்து நின்றது. தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு அவள் இறங்கினாள்.

"இனிமே நானே தெனமும் கொண்டாந்து விடுறேன், அனுப்புங்கண்ணே" என்றார் அக்கா.

"நீங்க தலைவராயிட்டீங்க. உங்களப் போயி வண்டி ஓட்டச் சொல்லலாமா? மில்லுக்காரன் வாசல்லயே ஏத்தி வாசல்லயே எறக்குறான்மா."

மரியாதையாகத்தான் சொன்னார்.

அவள் என்னைத் தனியே இழுத்தாள். "செலக்ஷன் முடிஞ்சிருச்சா?"

"இல்லடி. வர்ற ஞாயித்துக்கிழமைதான்."

"ஞாயித்துக்கிழமையும் ஷிஃப்டு போட்டுருக்காக" என்று சொல்லிவிட்டு முகம் கழுவ உள்ளே போனாள்.