என்கிற குப்பை

என் மகளுக்கு அப்போது ஏழாவது மாசம். அமெரிக்காவில், ரிச்சர்ட்சனில் அவள் வீட்டுக்கு நானும் வந்திருந்தேன், மாப்பிள்ளையின் அம்மாவும் வந்திருந்தார். மாப்பிள்ளை வெள்ளைக்காரர். சம்பந்தியம்மாவுக்குப் பொழுது விடிந்தால் லேப்டாப்பில் செத்தவர்களைத் தேடுவதுதான் வேலை. பல தலைமுறைக்கு முன்னால் அவர் வம்சம் பிரான்சிலிருந்து கப்பலேறிக் கனடாவுக்குப் போனதாம். நான் மூணாம் கிளாஸ் படித்தவள். என் கொள்ளுத்தாத்தா பேரே எனக்குத் தெரியாது. தெரிந்தால் மட்டும் எழுந்தா வரப்போகிறார்?

சம்பந்தியம்மா சொல்வதை மகள் தமிழில் சொல்வாள்.

"அவங்க சைடுல எல்லா பொண்ணுக்கும் மாதா பேருதானாம்மா முதல்ல. வீட்ல கூப்பிடுற பேரு தனி."

"அப்ப தெருவுல நின்னு மாதா பேரச் சொன்னா ஊரே திரும்பிப் பாக்குமே!"

மகள் இதை இங்கிலீஷில் சொன்னதும் சம்பந்தியம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"குடும்பப் பேரும் ரெண்டு இருக்குமாம்மா. பட்டாளத்துல வெச்ச பட்டப்பேரு அப்படியே ஒட்டிக்குமாம். இவங்க தாத்தா ஒருத்தருக்கு 'துக்கமில்லாதவன்'னு பேரு. குடும்பப் பேருக்கும் பட்டப்பேருக்கும் நடுவுல ஒரு வார்த்தை போடுவாங்க, நம்ம ஊரு 'என்கிற' மாதிரி."

"நம்ம ஊர்ல போலீஸ் ஸ்டேஷன்லதான்டி 'என்கிற' போடுவான். உன் மாமியார் வம்சம் எதத் திருடுச்சாம்?"

அதை மகள் இங்கிலீஷில் சொல்லவில்லை.

அப்புறம் சம்பந்தியம்மா ஸ்கிரீனை எங்கள் பக்கம் திருப்பினார். அந்தத் துக்கமில்லாதவனுக்கு மூன்று பெண்கள். மூன்று பேருக்கும் ஒரே பேர்.

"முதல் குழந்தை தவறிடுச்சாம்மா. அந்தப் பேரயே அடுத்ததுக்கு வெச்சாங்களாம். அதுவும் தவறிடுச்சு. அப்புறம் மூணாவதுக்கும் அதே. பேராவது உயிரோட இருக்கட்டும்னு."

சம்பந்தியம்மா என் மகள் வயிற்றில் கையை வைத்து என்னவோ மெதுவாகச் சொன்னார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். மகள் எனக்கு எதையும் சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு வார்த்தை எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிறந்து, ஒரு நாள்கூடத் தங்காமல் போன பேத்திக்கு வைத்த பேர் அது.

போன குழந்தையின் பேரை நாங்கள் வாயால்கூடச் சொல்ல மாட்டோம். எமனுக்கு வீட்டு அட்ரஸ் கொடுக்கிற மாதிரி அது. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததைக் குப்பையில் போட்டுத் தவிட்டுக்கு வாங்குவோம். குப்பை, பிச்சை என்று பேர் வைப்போம். எவனுக்கும் வேண்டாத சாமான் என்று எமன் தாண்டிப் போய்விடுவான்.

மறுநாள் காலையில் கிச்சனில் மகளைப் பிடித்தேன்.

"அந்தப் பேரு வேணாம்டி."

"எனக்கு வேணும்மா. அவங்களுக்கு மூணாவது நல்லா இருந்துச்சே. அந்த லைன்லதான் உன் மாப்பிள்ளையே வந்தாரு."

"நம்மளுது ரெண்டாவதுடி."

மகள் கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் ராத்திரியெல்லாம் எனக்குள் ஓடியது அது ஒன்றுதான்.

"அவளப் பேரு சொல்லி ஒரு தடவகூடக் கூப்பிடலம்மா. அதுக்குள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அவள் தலையைத் தடவிக்கொண்டே நின்றேன்.

"சரி, வை. ஆனா பின்னால ஒரு 'என்கிற' போட்டுக்கோ. நான் குப்பைன்னுதான் கூப்பிடுவேன்."

"ம்மா! அவங்ககிட்ட என்னன்னு எக்ஸ்ப்ளெயின் பண்றது?"

"அவங்க தாத்தன் துக்கமில்லாதவனா இருக்கலாம், எம்பேத்தி குப்பையா இருக்கக் கூடாதா?"

அழுதுகொண்டே சிரித்தாள். மாமியாரிடம் அவள் எப்படிச் சொன்னாளோ, அந்தம்மா அன்று முழுக்க "குப்பே, குப்பே" என்று சொல்லிப் பழகினார்.

குழந்தை மாசம் நிறைந்தே பிறந்தது, பெண்தான். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரி ரூம் வாசலில் நின்று, ஒரு நர்ஸ் முழுப்பேரையும் சத்தமாக வாசித்தாள். நான் எழுந்து அவள் முன்னால் போய் நின்றேன்.

"அந்தப் பேருல இங்க யாரும் இல்லம்மா. குப்பைதான் இருக்கு," என்றேன். தமிழில்தான். எனக்கு வேறென்ன வரும்?

நர்ஸ் முழித்தாள். பக்கத்து நாற்காலியிலிருந்து சம்பந்தியம்மா எழுந்து என்னோடு வந்து நின்றார். சிரிக்கவே இல்லை. "குப்பே," என்றார்.

உள்ளே குழந்தை வீறிட்டது. மகள் பதறித் தூக்கப் போனாள். கொஞ்சம் அழட்டும் விடு என்றேன். அந்தச் சத்தத்தை நான் இன்னும் கொஞ்ச நேரம் கேட்க வேண்டியிருந்தது.