கோட்டைக்குள் இரண்டு மீன் கூடைகள்

எங்கள் மாமா பொய் சொன்னவர். பிள்ளைகளை அடிக்காத வாத்தியார், கஷ்டப்பட்ட நாலு பேருக்கு உதவியவர், எல்லாம் சரிதான். ஆனாலும் பொய் சொன்னவர். இந்த மாதக் கடைசியில் எங்கள் ஊரான சதுரங்கப்பட்டினத்தில் அவருக்குப் பாராட்டு விழா வைத்திருக்கிறார்கள். நோட்டீஸ் எனக்கும் வந்தது. ‘விளையாட்டின் மூலம் ஆங்கிலம் கற்பிக்கும் முறையைக் கண்டுபிடித்த ஆசான்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கண்டுபிடித்தது அவர் இல்லை, என் அக்கா. அப்போது அவளுக்குப் பதினாலு வயது. நான் கூடவே இருந்தேன், அதனால் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. அப்பா பக்கிங்காம் கால்வாயில் உப்புப் படகு தள்ளிக்கொண்டிருந்தார். பட்டணத்துக்குப் போனால் திரும்பி வரப் பத்து நாளாகும். அம்மா கரைக்குப் போய், வலையில் கலந்து வரும் பொடி மீனைத் தரம் பிரித்து, தன் பங்கைக் கூடையில் சுமந்து திருக்கழுக்குன்றம் வரை விற்றுவிட்டு வருவாள். அம்மாவின் தம்பிதான் மாமா. எங்கள் வகையறாவில் முதன்முதலாகக் காலில் செருப்பும் சட்டைப்பையில் பேனாவுமாக நடந்தவர் அவர். எங்கள் பள்ளிக்கூடத்தில் அவர்தான் எங்களுக்கு இங்கிலீஷ் வாத்தியார். பெரிய வாத்தியார் ஓய்வு பெற்றுப் போனதால் அந்த நாற்காலியிலும் தற்காலிகமாக உட்கார்ந்திருந்தார்.

அக்கா அதே பள்ளியில் எட்டாவதை முதலாவதாக முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மேலே படிக்கச் செங்கல்பட்டுக்குப் போக வேண்டும், அங்கே ஹாஸ்டலில் தங்க வேண்டும். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “பொட்டப் புள்ளைய எங்கியோ வுட்டுட்டு நான் படகுல நிம்மதியா தூங்கவா?” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இப்போது மாமாவின் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். முந்தின வருஷம் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்தபோது, எங்கள் வகுப்பு ஏழுமலையைப் பார்த்து, ‘பிரிங் த சாக்’ என்றார். சாக்கட்டியைக் கொண்டு வா என்று அர்த்தம். ஏழுமலை சாக்கட்டியை எடுத்துக்கொண்டு வகுப்பை விட்டு வெளியே ஓடிவிட்டான். ‘டேக்’, அதாவது கொண்டு போ, என்று நினைத்துக்கொண்டான். எங்கே கொண்டுபோக வேண்டும் என்று தெரியாமல் கால்வாய்க் கரை வரைக்கும் போய், மணி அடித்த பிறகுதான் திரும்பினான். இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்தரில் காரமாக ஏதோ எழுதிவிட்டுப் போனார். அடுத்த தடவையும் இப்படி ஆனால் பெரிய வாத்தியார் வேலைக்கு வெளியூரிலிருந்து ஆள் வரும் என்று பேச்சு.

மாமா சும்மா இருந்தார் என்று சொல்லமாட்டேன். கரும்பலகையின் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் ‘பிரிங்’, அந்தப் பக்கம் ‘டேக்’. இந்தப் பக்கம் ‘ஹியர்’, அந்தப் பக்கம் ‘லிஸன்’. இப்படி இருபது ஜோடி எழுதிப் போட்டார். தொண்டை வறள நாங்கள் கத்தினோம். ராத்திரி தூங்கி எழுந்தால் எல்லா ஜோடியும் இடம் மாறிப் படுத்திருக்கும். சில சமயம் மாமாவே உள்ளங்கையைப் பார்த்துக்கொள்வார். அதில் பேனாவால் எழுதி வைத்திருந்தார்.

ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, அக்காவைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“கண்ணு, இந்தப் புள்ளைங்களுக்கு நீ சொல்லிக் குடு. இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு உன்ன இட்டுகினு போய் அவரு முன்னால நிறுத்துறேன். அவரு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தா செங்கல்பட்டு ஆஸ்டல்ல எடம் கிடைச்சிடும். உங்க நைனாகிட்ட நான் பேசிக்கிறேன்.”

“மெய்யாலுமா மாமா?”

“இன்னா கண்ணு, மாமா மேல சந்தேகமா?”

அம்மா அடுப்படியிலிருந்தே கத்தினாள். “டேய், புள்ளைக்கு ஆசை காட்டிட்டு அப்பால கைய விரிக்காத!”

மாமா சிரித்தார். அவர் சிரிப்பு அழகாக இருக்கும்.

மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஊரிலிருந்த பழைய டச்சுக் கோட்டைக்குள் ஓடினோம். இடிந்த மதிலுக்குள் அவ்வளவு பெரிய வெட்டவெளி வேறெங்கும் கிடையாது. அக்காவும் முதலில் மாமா செய்ததையே செய்தாள். மண்ணில் கோடு கிழித்து இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டு நாள் போனது. ஏழுமலை இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் ஓடப் பார்த்து விழுந்தான். அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் அம்மாவுக்கு உதவக் கரைக்குப் போனாள். அன்றைக்கு வேலைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள், கல்யாணமாகி வந்து ஒரு மாதம்கூட ஆகாதவள். மீன் குவியலைப் பார்த்து மிரண்டு நின்றாள். எல்லாம் விரல் நீளம், எல்லாம் வெள்ளி நிறம். அம்மா அவளிடம், “எல்லாத்தையும் பார்க்காத. இன்னிக்கு நெத்திலி மட்டும் பொறுக்கு. மத்ததெல்லாம் உனக்கு மண்ணுன்னு வெச்சுக்க” என்றாள். கரையில் எல்லாருக்கும் அப்படித்தான் பழக்குவார்கள். ஒன்று கைக்குப் படிகிறவரை இன்னொன்றைத் தொடவிடமாட்டார்கள். கைக்குப் படிந்துவிட்டால், வேறு மீன் அகப்படும்போது விரலே அதைத் தள்ளிவிடும்.

அக்கா கரையிலிருந்து ஓடி வந்தாள். முழங்கால்வரை ஈர மணல். என்னைப் பிடித்து உலுக்கினாள். “ஏய்! மாமா ரெண்டையும் ஒண்ணா குடுத்து கெடுத்துட்டாருடி! ஒண்ணுதான் குடுக்கணும்! மொதல்ல ஒண்ணுதான்!”

அந்த வாரம் உலகத்தில் ‘டேக்’ என்ற வார்த்தையே இல்லை. எல்லாம் ‘பிரிங்’தான். அக்கா நடுவில் நிற்பாள், நாங்கள் சிதறி ஓடி எதையாவது எடுத்துக்கொண்டு அவளிடம் வருவோம். பிரிங் கிளிஞ்சல், பிரிங் செங்கல், பிரிங் ஏழுமலை. அவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தோம். ஒரு நாள் ஆர்வம் தாங்காமல் யாரோ வீட்டுக் கூழ்ச் சட்டியையே கொண்டு வந்துவிட்டோம். அந்த வீட்டு அம்மாள் துடைப்பத்தோடு வந்து, “இன்னாங்கடா இது, படிப்பா கொள்ளையா?” என்று துரத்தினாள். ஓடும்போதும் ‘பிரிங், பிரிங்’ என்று கத்திக்கொண்டே ஓடினோம்.

ஒரு வாரம் கழித்துத்தான் ‘டேக்’ வந்தது. அம்மாவின் மீன் கூடைகள் இரண்டைக் கொண்டு வந்தாள். ஒன்று அவள் காலடியில், இன்னொன்று தூரத்து மதிலடியில். நாங்கள் கையில் கிளிஞ்சலோடு நடுவில் நிற்போம். அவள் குரல் கொடுத்ததும் ஓட வேண்டும். ‘பிரிங்’ என்றால் அவளை நோக்கி, ‘டேக்’ என்றால் அவளை விட்டு. தப்பாக ஓடினவன் உட்கார வேண்டும். அவள் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவாள். மூச்சு வாங்கும், விலா வலிக்கும், கால் தானாகத் திரும்பும். யோசிக்க நேரமே கிடையாது. ஒருத்தனும் தப்பாக ஓடவில்லை. ஏழுமலைகூட!

‘ஹியர்’, ‘லிஸன்’ வந்தபோது எங்களை மதில் மேல் ஏற்றிக் கண்ணை மூடச் சொன்னாள். கடல் சத்தம் கேட்டது. “சும்மா கீறப்பவே காதுல வந்து வுழுதில்ல, அது ஹியர்” என்றாள். பிறகு செருப்பில்லாத காலோடு எங்கள் பின்னால் நடந்தாள். எந்தப் பக்கம் போகிறாள் என்று நாங்கள் கையைக் காட்ட வேண்டும். “இப்ப காதை அனுப்பித் தேடுறீங்க பாரு, அது லிஸன்.” எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது. அதற்குப் பிறகு பெரிய பெரிய காலேஜில் படித்தவர்களிடம் நான் படித்திருக்கிறேன். ஒருத்தரும் இவ்வளவு சுத்தமாக எனக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை.

கடைசி ஜோடி ‘டீச்’, ‘லேர்ன்’. சொல்லிக்கொடு, கற்றுக்கொள்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று அக்கா அம்மாவின் கல்யாணப் புடவையைக் கட்டி, கனகாம்பரம் வைத்துக்கொண்டாள். பள்ளிக்குப் பின்னால் தண்ணீர்ப் பானை வைக்கும் கொட்டகையில் இருக்கும்படியும், கூப்பிட்டு அனுப்புவதாகவும் மாமா அவளிடம் சொல்லியிருந்தார். என்னை மட்டும் தன் சைக்கிள் பாரில் உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். என் வாழ்க்கையில் முதல் சைக்கிள் சவாரி. காற்று முகத்தில் அடித்தது. காதோரம் குனிந்து, “யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு அவரு கேட்டா நீதான் எழுந்து சொல்லணும்” என்று சொல்லி, ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தார். நாலு தடவை சொல்லவைத்தார். “சபாஷ் பாப்பா” என்றார். நான் தலைகால் புரியாமல் இருந்தேன்.

இன்ஸ்பெக்டர் செங்கல்பட்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். அந்த வெயிலில் கோட்டு. எடுத்ததும் ஏழுமலையைத்தான் தேடினார், மறக்கவில்லை. “பிரிங் த சாக்” என்றார். ஏழுமலை பாய்ந்துபோய் எடுத்து அவர் கையில் வைத்தான். அவர் விடவில்லை. “டேக் மை அம்ப்ரெல்லா டு த கேட்!” ஏழுமலை குடையோடு ஓடி கேட்டில் சிப்பாய் மாதிரி நின்றான். இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

அப்புறம் வாசலில் கூடைகளை வைத்தோம். ஆட்டம் ஆரம்பமானது. மாமா குரல் கொடுத்தார், உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்து. அவர் மெதுவாகச் சொன்னது எங்களுக்குப் போதவில்லை. இன்ஸ்பெக்டரே எழுந்து வந்து கோட்டைக் கழற்றிவிட்டுத் தானே கத்த ஆரம்பித்தார். பிரிங்! டேக்! டேக்! பிரிங்! புழுதி பறந்தது. ஊர் ஜனங்கள் வேலி ஓரம் வந்து நின்று கைதட்டினார்கள். நாங்கள் வேறு யாரோ பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி இருந்தோம்.

இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்க நின்று, எங்களை உட்காரச் சொல்லி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “ஹூ டீச்சஸ் யூ?” என்று கேட்டார்.

நான் எழுந்தேன். பக்கத்தில் ஏழுமலை வாயைத் திறந்தான். அக்கா இருந்த கொட்டகைப் பக்கம் அவன் கை போனது. என் முறையைக் கெடுக்கப் பார்க்கிறானே என்று எனக்கு ஆத்திரம். அவன் கால் விரலை நன்றாக மிதித்தேன். அவன் ‘ஸ்ஸ்’ என்று அடங்கினான்.

“மை அங்கிள் டீச்சஸ். வீ லேர்ன்” என்றேன், கணீரென்று.

“வெரி குட்!” என்று என் தலையில் கை வைத்தார் இன்ஸ்பெக்டர். இரண்டு வார்த்தையும் அதனதன் இடத்தில். உட்கார்ந்து ரிஜிஸ்தரில் எழுதினார், நிறைய எழுதினார். மாமா யாரையும் கூப்பிட்டு அனுப்பவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தார், குடையை வாங்கிக்கொண்டு பஸ் வரைக்கும் கூடவே போனார்.

நான் கொட்டகைக்கு ஓடினேன். அக்கா உட்காரவில்லை. புடவை கசங்கும் என்று அத்தனை நேரமும் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள்.

“கூப்புட்டாரா?” என்றாள்.

“அவரு பஸ் ஏறப் போயிட்டாருக்கா! நான் இங்கிலீஷ்ல பதில் சொன்னேன் தெரியுமா? எல்லாரும் கைதட்டுனாங்க!” என்று குதித்தேன். என்ன சொன்னாய் என்று கேட்டாள். சொல்லிக் காட்டினேன்.

அக்கா தலையிலிருந்த கனகாம்பரத்தைக் கழற்றினாள். “கரெக்டாதான் சொல்லிகீற” என்றாள். அப்புறம் வாசலுக்குப் போய் இரண்டு கூடைகளையும் தலையில் அடுக்கிக்கொண்டு நடந்தாள். சாயங்கால வலைக்கு அம்மாவுக்குக் கூடை வேண்டும். நான் பின்னாலேயே அந்த வாக்கியத்தை உரக்கச் சொல்லிக்கொண்டு ஓடினேன். இன்னும் கொஞ்சம் பாராட்டியிருக்கலாமே என்று எனக்குக் கோபம்.

மாமா பெரிய வாத்தியார் ஆனார். அப்பாவிடம் அவர் பேசவே இல்லை. அடுத்த வருஷம் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது.

வார்த்தை சரியாக இருந்தால் சொன்னது சரி என்று அன்றைக்கு நினைத்தேன். ஹாஸ்டல் வாசல் அந்த ஒரு வரியில் சாத்திக்கொண்டது எனக்குத் தெரியவில்லை. மாமா தானே அந்தப் பொய்யைச் சொல்லாமல் ஏன் ஒரு சின்னப் பெண்ணைச் சைக்கிளில் ஏற்றிச் சொல்லவைத்தார் என்பதும் புரியவில்லை. தன் வாயால் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. அது புரிய எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று.

அக்கா இப்போது ஊரப்பாக்கத்தில் இருக்கிறாள். நோட்டீஸைக் காட்டினேன். “வுடுடி, பெரியவரு, இன்னும் எத்தினி நாளைக்கு” என்றாள். நான் விடமாட்டேன்.

மாமா, விழாவன்று அக்காவை அழைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காருவேன். பதினொரு வயதில் நான் சொன்னது பொய் என்று இதோ ஊரறிய அச்சில் ஒத்துக்கொண்டுவிட்டேன். இனி உங்கள் முறை. ஏற்புரைக்கு மைக் உங்கள் கைக்கு வரும். வேறு பிள்ளை யாரையும் எழுப்பிவிடாதீர்கள். நீங்களே சொல்லுங்கள், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி: அந்தப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது யார்?