கீழே வைக்காத பரங்கிக்காய்

போன வருஷம் மந்தாரக்குப்பத்தில், எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை அன்று நடந்தது இது. ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த காய்கறி, கோழி எல்லாவற்றையும் ஆலய வாசலில் ஏலம் விடுவோம். எடுத்தவருக்கு மனம் வந்தால் அதே பொருளைத் திருப்பிக் கொடுத்து மறுபடியும் ஏலம் விடச் சொல்வார். பல வருஷமாக ஏலம் விடுவது நான்தான். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை, மைக் தேவைப்படாது.

அந்த வருஷ ஏலப் பணம் ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்கு என்று முடிவாகியிருந்தது. ஆண்களுக்கு மட்டும் உள்ள புராஸ்டேட் சுரப்பியில் சரியான இடம் பார்த்துச் சதை எடுத்து, புற்றுநோய் இருக்கிறதா என்று பரிசோதிக்க உதவும் ஸ்கேன் கருவி வாங்குவதற்கு. ஏலம் தொடங்கும் முன் சபைச் செயலாளர் என்னை ஓரமாக அழைத்தார்.

“பொம்பளைங்க, புள்ளைங்கல்லாம் உக்காந்துகினு இருக்காங்க. மருத்துவ உதவின்னு மட்டும் சொல்லுங்க, போதும்.”

எனக்குச் சுருக்கென்றது. எனக்கே அந்த நோய்தான் என்பது அவருக்குத் தெரியாது. சிறுநீர் போகச் சிரமப்பட்டதை வயசுக் கோளாறு என்று ஒரு வருஷம் மூடி வைத்தேன். வெளியூர் போய்ப் பரிசோதித்தபோது அது எலும்புவரை பரவியிருந்தது. சிகிச்சைக்குப் போகும்போதெல்லாம் சர்க்கரைக்குப் போகிறேன் என்று ஊரெல்லாம் பொய் சொன்னேன். இன்னும் எத்தனை பேர் இப்படி வெட்கப்பட்டே சாக வேண்டும் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஒரு பெரிய பரங்கிக்காயைத் தூக்கிப் பிடித்தேன். “இது புராஸ்டேட் கேன்சரக் கண்டுபுடிக்கிற மிஷினுக்குங்க. எனக்கு வந்துருக்கறதும் அதுதான். சுகர் இல்ல.”

ஆண்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவரும் விலை கேட்கவில்லை. அடுத்த பொருளுக்குப் போகச் சொல்லிச் செயலாளர் ஜாடை காட்டினார். நான் அசையவில்லை.

“யாராச்சும் கேக்கற வரைக்கும் இத கீழ வெக்க மாட்டேங்க.”

கை கடுத்தது. முதல் குரல் பெண்கள் பக்கமிருந்துதான் வந்தது. மீன் விற்கும் ஒரு அக்கா எழுந்து விலை சொன்னார். “எங்க வூட்டுக்காரரும் இதுலதாங்க போனாரு. கடைசி வரைக்கும் எங்கிட்டகூட வாயத் தொறக்கல.” காயை வாங்கி உடனே என்னிடமே நீட்டினார். “இன்னொரு தபா வுடுங்க.”

அதற்குப் பிறகுதான் ஆண்களுக்குப் பேச்சு வந்தது. அந்த ஒரே காய் எத்தனை கை மாறியது என்று எனக்கு நினைவில்லை.

எல்லாம் முடிந்து வண்டியை எடுக்கப் போனேன். மூன்று பேர் தனித்தனியாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “அண்ணே, அந்த டெஸ்டு வலிக்குமா? கூட்டாளி ஒருத்தனுக்காகக் கேக்குறேன்.” மூன்றாவதாக வந்தவர் செயலாளர். “கூட்டாளிய சீக்கிரம் கூட்டிகினு போங்க” என்றேன். அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கருவி வந்துவிட்டது. எனக்கு அது பிந்திப்போனதில் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். மூச்சு இருக்கிறவரை இந்த நோயின் பெயரை நான் நாலு பேர் நடுவில் உரக்கத்தான் சொல்வேன்.