அழுகாச்சி அக்கா ஒட்டிய பக்க எண்

அந்தப் புத்தகக் கடையில் எல்லோரும் அவளை அழுகாச்சி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? இருபது வருஷமாக அந்தப் பெயரால்தான் கடையே ஓடுகிறது. புது நாவல் வந்தால் முதல் பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போவாள். எந்த இடத்தில் கண் கலங்கியதோ அந்தப் பக்க எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அட்டையில் ஒட்டுவாள். "அழுத பக்கம்: 214." அவ்வளவுதான். விமர்சனமாவது, மண்ணாவது! ஜனங்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் பர்ஸைத் திறந்தார்கள்.

பிறகு அவள் வீட்டுக்காரர் இறந்துபோனார். காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர், முகத்தில் பாதி நுரையோடு குளியலறையில் சரிந்தார், எழுந்திருக்கவேயில்லை. மீதி நுரையை அவள்தான் துடைத்துவிட்டாள். வந்தவர்களெல்லாம் கதறினார்கள். அவள் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்நெஞ்சுக்காரி என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது, அதுவும் உறைக்கவில்லை. மூன்றாவது வாரமே வேலைக்கு வந்துவிட்டாள். ஆனால் அதற்கப்புறம் ஒரு புத்தகத்திலும் எண் ஒட்டவில்லை.

முதலாளியும் பாவம், பொறுத்துத்தான் பார்த்தார். ஊரே படிக்கிற அந்த எழுத்தாளரின் புதுக் குடும்ப நாவல் இருநூறு பிரதி வந்து இறங்கியதும் அவரால் முடியவில்லை.

"அக்கா, நாளைக்குள்ள நம்பர் வேணும். வர்றவங்க எல்லாம் கேட்டு உயிரை வாங்குறாங்க."

படித்தாள். மூன்று மருமகள்கள், ஒரு சமையலறை, நடுவில் பஞ்சாயத்துப் பண்ணியே ஓய்ந்துபோன மாமனார். நல்லாத்தான் எழுதியிருந்தார். முன்பென்றால் இரண்டு கைக்குட்டை நனைந்திருக்கும். இரண்டாம் தடவையும் படித்தாள். கண் வறண்டு கிடந்தது. விடிந்ததும் கடைக்குப் போய், வாயில் வந்த எண்ணை எழுதி ஒட்டினாள். 186. பொய் எழுதும்போது கைகூட நடுங்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயமும் பக்கத்து வீட்டில் யாருக்கோ நடப்பதுபோல இருந்தது.

"நிஜமாவே அழுதீங்களாக்கா?" என்று கேட்டாள் வாங்க வந்த ஒருத்தி.

"அழுதேன். வாங்கிட்டுப் போங்க, ஏமாற மாட்டீங்க."

நாலே நாளில் பாதி அடுக்கு காலி. ஐந்தாம் நாள் தெருமுனைத் தையல்காரம்மா, கழுத்தில் அளவு நாடாவோடு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நீங்க மனுஷியே இல்லக்கா!"

பகீரென்றது என்று சொல்ல ஆசைதான். ஒன்றும் ஆகவில்லை. மாட்டிக்கொண்டோம் என்று மட்டும் நினைத்தாள்.

தையல்காரம்மா புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள். 185ஆம் பக்கத்தின் கடைசி வரியில் மாமனார் இறந்துபோகிறார். 186இல் ஓர் எழுத்துகூட இல்லை. வெறும் வெள்ளை.

"முதல்ல அச்சுல விட்டுப்போச்சுன்னு நினைச்சேன். அப்புறம்தான் சுரீர்னு உறைச்சுது. மனுஷன் போயிட்டா மிச்சம் இருக்கறவங்களுக்கு இப்படித்தானேக்கா இருக்கும்? மெஷினை நிறுத்திட்டுத் தேம்பித் தேம்பி அழுதேன். இதை எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

கண்டுபிடிப்பாவது! அடுத்த பாகம் வலப்பக்கத்தில் தொடங்கட்டும் என்று அச்சகத்தில் விட்ட இடம் அது. இத்தனை வருஷம் புத்தகம் விற்றவளுக்கு அது தெரியாதா? சும்மா தலையாட்டியிருந்தால் அவள் பேர் இன்னும் ஒரு படி ஏறியிருக்கும். அவள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் அழலைம்மா. சும்மா ஒரு நம்பர் போட்டேன்."

"என்னக்கா சொல்றீங்க?"

"அவர் போன அன்னைக்கும் அழலை. இன்னைக்கு வரைக்கும் வரலை. எனக்கு என்னமோ ஆயிடுச்சு."

தையல்காரம்மா உச்சுக்கொட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. புத்தகத்தை மூடி மேஜைமேல் வைத்தாள்.

"அவர் போய் எத்தனை நாளாச்சு?"

"தொண்ணூத்தி மூணு."

பட்டென்று வந்துவிட்டது. சொன்னபிறகு அவளே திடுக்கிட்டாள். வீட்டில் காலண்டரின் தாளை யாரும் கிழிக்கவில்லை. எத்தனை நாள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதுமில்லை.

"அப்போ தினமும் எண்ணிக்கிட்டுத்தானேக்கா இருந்திருக்கீங்க," என்றாள் தையல்காரம்மா.

உள்ளேயிருந்து முதலாளி, இன்னும் நூறு பிரதி சொல்லிவிடட்டுமா என்று குரல் கொடுத்தார். அவள் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.