மருந்து மணக்காத தண்ணீர்

முதலில் வலி இல்லை. இதைத்தான் முதலில் சொல்லவேண்டும். வயிற்று நோய் என்றால் வயிறு வலிக்கவேண்டும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் குசினியில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். வயிறு ஒருமுறை உருண்டது. கக்கூசுக்குப் போய் வந்து அகப்பையைக் கையில் எடுப்பதற்குள் திரும்பவும் போகவேண்டி வந்தது. அதன் பிறகு போனது மலமே அல்ல, அரிசி கழுவிய தண்ணீர்.

எனக்கு நோயின் பெயர் உடனே தெரிந்துவிட்டது. கொலரா (வாந்திபேதி). அந்தப் பெயரை ஊரெல்லாம் சொல்லித் திரிந்து ஏச்சு வாங்கியவள் நான்தான். கடைசியில் எனக்கே முதலில் வந்தது. "ஊருக்கு உபதேசம் செய்தவளுக்கே வந்துட்டுது" என்று பிறகு சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பைக் கேட்க நான் உயிரோடு இருந்தேன், அது போதும்.

எழுபதுகளின் தொடக்கம். பங்கீட்டுக் கூப்பன் சீனிக்கும் பாணுக்கும் (ரொட்டிக்கும்) வரிசையில் நின்ற காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே, சல்லி என்ற கரையூரில் இருந்தோம். என் கணவர் சிவலிங்கம் தன் அக்காவின் கணவருடைய கரைவலையில் வேலை செய்தார். நான் டவுணோடு ஒட்டிய பாலையூற்றில் பிறந்தவள், எட்டாம் வகுப்புப் படித்தவள். அதனால் ஊரில் எனக்கு 'டவுண்காரி' என்று பெயர்.

வேறு பக்கங்களில் கொலரா வந்துவிட்டது என்று கதை பரவியதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சைக்கிளில் வந்து கிணறுகளில் குளோரின் தூள் (தண்ணீரில் உள்ள கிருமியைக் கொல்லும் வெள்ளைத் தூள்) போட்டுவிட்டுப் போனார். ஊர் முகத்தைச் சுளித்தது. தேத்தண்ணீர் மருந்து மணக்கிறதாம், சோறு மருந்து மணக்கிறதாம். நான் அவரை மறித்து வைத்து, வந்தால் என்ன செய்வது, எப்படிச் செய்வது என்று அவர் களைக்கும்வரை கேட்டேன்.

பிறகு வீட்டை ஆயத்தப்படுத்தினேன். இரண்டு பெரிய பானை, இரண்டுக்கும் மூடி. தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆறிய பிறகே பானைக்குள் போகும். ஒருவரும் கை விடக்கூடாது என்று நீளக் காம்பு அகப்பை ஒன்றை மூடியின் மேல் கட்டினேன். கக்கூசுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு. கூப்பன் சீனியில் பாதியைத் தொடாமல் ஒரு டின்னில் போட்டு, உப்பையும் பக்கத்தில் வைத்தேன். பிள்ளைகள் இருவரையும் பாலையூற்றுக்கு என் தாயிடம் அனுப்பிவிட்டேன்.

கணவருக்கு ஒரு போத்தலில் கொதித்தாறிய தண்ணீர் கட்டிக் கொடுப்பேன். கரையில் வலை இழுக்கிறவர்கள் அவரைப் 'பால்குடி' என்று கூப்பிட்டார்கள். நான் விறகு அடுக்குவதைப் பார்த்து அவரும் ஒருநாள் பகிடி விட்டார்.

"என்ன பூரணம், ஆருக்குக் கலியாணம்?"

"கலியாணமோ செத்தவீடோ எண்டு நீங்கதான் சொல்லவேணும். நான் விழுந்தால் என்ன செய்யிறதெண்டு சொன்னனே, ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்."

சொன்னார். கொதித்தாறிய தண்ணீர், சீனி, கொஞ்சம் உப்பு, வாயால் எடுத்தாலும் விடாமல் குடிக்கக் கொடுப்பது, உடனே பெரியாசுப்பத்திரி. பாடசாலைப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்புவிப்பது போலத்தான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

இவ்வளவு செய்தும் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மச்சாளின், அதாவது என் கணவருடைய அக்காவின் மகள் பெரியபிள்ளையானாள். சடங்குக்கு நாள் வைத்தார்கள். கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லிப் பார்த்தேன். "நல்ல நாள் உன்ர கொலராவுக்காகக் காத்து நிக்குமோ?" என்றார் மச்சாள். தாய்மாமன் என் கணவர். தண்ணீர் வார்க்கவேண்டிய மாமி நான். போகாமல் இருக்க ஏலாது.

தண்ணீர் வார்த்து, ஆலத்தி எடுத்து முடிந்ததும் மச்சாள் முதல் பேணியை நிரப்பி என் கையில் தந்தார். தேசிக்காய் (எலுமிச்சை) தண்ணீர். இனசனம் எல்லோருடைய கூப்பன் சீனியையும் கேட்டு வாங்கிச் சேர்த்துக் கரைத்தது. வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். மருந்து மணக்கவில்லை.

மச்சாள் வீட்டுக் கிணற்றுக்கும் குளோரின் போட்டிருந்தார்கள். இந்தத் தண்ணீர் அந்தக் கிணற்றுத் தண்ணீர் அல்ல. சபைக்கு மருந்துத் தண்ணீர் கொடுத்தால் மரியாதை இல்லை என்று, கரையோரம் மணலைத் தோண்டி ஊற விட்டு அள்ளுகிற பூவலில் இருந்து குடம் குடமாகக் கொண்டுவந்திருக்கிறார். பூவல் தண்ணீர் தேன்தான். ஆனால் அதற்கு மேட்டுப் பக்கம் பற்றைக்குள்தான் பாதி ஊர் வெளிக்குப் போகும்.

"என்ன பாக்கிறாய்? எங்கட தண்ணி டவுண்காரிக்கு இறங்காதோ?"

மச்சாள் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் சபை முழுக்கக் கேட்டது. மாமி பேணியைக் கீழே வைத்தால், அந்த வீட்டில் கை நனைக்க மனமில்லை என்று பொருள். அதற்கு மேல் உறவில்லை. உங்களில் யாராவது அப்படி ஒரு சபையில் பேணியைக் கீழே வைத்திருந்தால் எனக்கு எழுதுங்கள். நான் குடித்தேன். எனக்குக் கோபம் அந்தப் பேணி மீது இல்லை, தண்ணீரைவிட மரியாதை சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைக்கிற எங்கள் புத்தி மீது.

சடங்கு முடிந்து மூன்றாம் நாள் கஞ்சி வடிக்கும்போது வயிறு உருண்டது.

வாந்தியும் தொடங்கியது. கெண்டைக்கால் முறுகிக் கட்டையாயிற்று. விரல் நுனிகள் நெடுநேரம் கடலில் கிடந்தவை போலச் சுருங்கின. குரல் போய்விட்டது. வாய்தான் என் சொத்து என்று ஊருக்கே தெரியும். அந்தச் சொத்திலேயே கொலரா கை வைத்தது.

கரையிலிருந்து கணவரைக் கூட்டி வந்தார்கள். மச்சாளும் ஓடி வந்தார். அவர் என் தலையைத் தன் மடியில் வைத்து, கழுவித் துடைத்து, அருவருப்பில்லாமல் எல்லாம் செய்தார். அதை நான் மறைக்கமாட்டேன். தண்ணீர் மட்டும் தரமாட்டேன் என்றார்.

"கழிச்சலுக்குத் தண்ணி குடுத்தால் கழிச்சல் கூடும். ஆளை அள்ளிக்கொண்டு போயிடும். மாதுளங்கோது அவிச்சுக் கொண்டுவந்தனான், அதில ஒரு மிடறு காணும்."

நானும் சின்ன வயதிலிருந்து கேட்டுவந்த கதைதான் அது. எத்தனை பேரை அன்பாகப் பக்கத்தில் இருந்து, கண்ணீர் விட்டு, நாக்கு வறள வைத்து அனுப்பியிருக்கிறோம். நான் பானையைக் காட்டினேன். என் கணவர் அகப்பையை எடுத்தார். மச்சாள் அவருடைய கையைப் பிடித்தார்.

"அக்கா, கையை விடு," என்றார் அவர். "இந்த வீட்டில இவ சொன்னபடிதான் நடக்கும்."

பதினொரு வருடக் குடித்தனத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. குடித்தேன், எடுத்தேன், திரும்பக் குடித்தேன்.

அப்போது மச்சாளின் கணவர் வந்தார். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். கெட்ட மனிதர் அல்ல. அந்த வலையை நம்பி இருந்த அடுப்புகள் எத்தனை என்று அவருக்குத் தெரியும்.

"பெரியாசுப்பத்திரிக்கு இப்ப கொண்டுபோகாதேங்கோ. கொலரா எண்டு எழுதினால் கரையை மூடுவாங்கள். சல்லி மீன் எண்டால் சந்தையில ஒருத்தனும் தொடான். வயித்தோட்டம் எண்டு சொல்லுவம். கழிச்சல் குறையேல்லை எண்டால், இருண்டாப்போல பின்வழியால கொண்டுபோவம்."

அண்ணைதான் என் கணவருக்குச் சோறு போடுகிறவர். இருளும்வரை நான் இருப்பேன் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்த குரலைக் கூட்டிச் சொன்னேன்.

"மீன் நாளைக்கும் கடலில கிடக்கும். நான் கிடக்கமாட்டன். இஞ்சேருங்கோ, மீன் லொறி நிக்குதோ?"

நின்றது. கிண்ணியாவிலிருந்து வந்து எங்கள் கரையில் மீன் வாங்குகிற ஹனீபா நானாவின் லொறி. என் கணவர் என்னைப் பாயோடு தூக்கினார். பின்வேலியால் போகத் திரும்பியவரின் சட்டையைப் பிடித்தேன். "முன் றோட்டால போங்கோ. எல்லாரும் பாக்கட்டும்."

பார்த்தார்கள். படலைக்குப் படலை, வேலிக் கதவுகளில் நின்று பார்த்தார்கள். அண்ணை முந்திப்போய், "சும்மா வயித்துப்போக்கு, நானா" என்றார்.

"கொலரா, நானா," என்றேன் நான். "மறைச்சு ஏறினால் உங்களுக்குச் செய்யிற பாவம்."

ஹனீபா நானா என்னைப் பார்த்தார், ஏற்றிய மீன்பெட்டிகளைப் பார்த்தார். பிறகு தன் ஆட்களிடம், "பெட்டிய இறக்குங்க" என்றார். அண்ணை ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மையத்தைக் (பிணத்தைக்) கழுவுறதவிட லொறியக் கழுவுறது லேசு. ஏத்துங்க புள்ளய," என்றார் நானா. மீனுக்காக என்னை மறைக்க நினைத்தார்கள். மீன் வாங்குகிறவரே மீனை இறக்கிவைத்துவிட்டு என்னை ஏற்றினார்.

ஆசுப்பத்திரியில் தனி வார்டு. நடுவில் ஓட்டை வெட்டிய கன்வஸ் கட்டில், அதன் கீழே வாளி. வெட்கப்படுவதற்கெல்லாம் அங்கே இடமில்லை. டொக்டர் அம்மா என் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் தேடி, கடைசியில் காலில் வெட்டிப் பிடித்துச் சேலைன் (நரம்பு வழியாக ஏற்றும் உப்புத் தண்ணீர்) ஏற்றினார்கள்.

"வழியில ஏதும் குடிச்சனீங்களோ?"

"ஓம். வீட்டிலயும் குடிச்சனான். சீனியும் உப்பும் போட்ட தண்ணி."

"அதாலதான் என்னோட கதைக்கிறீங்கள்," என்றார். "இந்தக் கிருமி நேராக ஆளைக் கொல்லாது, அம்மா. உடம்பிலுள்ள தண்ணியை இறைச்சுப்போட்டுக் கொல்லும். இறைக்கிற வேகத்துக்கு நாங்கள் ஊத்திக்கொண்டு இருக்கவேணும், அவ்வளவுதான் வைத்தியம்."

அவ்வளவுதான் வைத்தியம். இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேறு ஒன்றுமில்லை. ஊற்றுங்கள். பெரியவர்கள் தடுத்தால் அவர்களோடு பிறகு சமாதானமாகலாம்.

அந்தக் கட்டிலில் நேரம் என்பது போத்தலில் இருந்து சொட்டுவதுதான். சொட்டினால் நேரம் போகிறது, நின்றால் நேரமும் நிற்கிறது. வெயில் ஏறியதும் இறங்கியதும் எனக்குத் தெரியாது. ஒருமுறை விழித்தபோது பக்கத்துக் கட்டில்களில் எங்கள் கரையில் வலை இழுக்கிற இருவர் கிடந்தார்கள். அவர்களும் சடங்குக்கு வந்தவர்கள். முதலில் மறைத்தார்களாம். நான் முன் றோட்டால் போனதைப் பார்த்த பெண்சாதிமார், "அவளே போயிட்டாள், நீ என்ன பெரிய ஆள்?" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்களாம். இருவரும் பிழைத்தார்கள்.

என் கணவர் வார்டு வாசலுக்கு அப்பால் நின்று செய்தி சொல்வார். பூவலை மூடிவிட்டார்கள். பரிசோதகர் வீடு வீடாகப் போகிறார். அண்ணை பயந்ததும் நடந்துவிட்டது: எங்கள் மீனை ஒருவரும் வாங்கவில்லை, வலை கரையில் கிடந்து காய்கிறது.

"ஊர் என்ன சொல்லுது?"

"உன்னாலதானாம்."

"அக்கா?"

"உன்ர பேரைச் சொன்னால் எழும்பிப் போறா. அவவின்ர வீட்டுச் சடங்கைச் சந்தி சிரிக்க வச்சிட்டியாம்."

எனக்கு அழுகை வந்தது. உடம்பில் அழுவதற்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று வார்டு மிஸ்ஸி (நர்ஸ்) சந்தோஷப்பட்டார்.

ஆசுப்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட நாளில் பஸ் எங்களைச் சந்தியில் இறக்கியது. கச்சான் காற்று மணலை வாரி அடித்தது. இவர் கொண்டுவந்த என் சட்டைக்குள் இன்னொருத்தி புகலாம் போலிருந்தது. கால் என்னுடையது போல இல்லை. ஒவ்வொரு அடிக்கும் அதனிடம் கேட்டுக் கேட்டு நடந்தேன். முந்தி அந்த றோட்டில் நான் நடந்தால் செருப்புச் சத்தத்திலேயே ஆளைத் தெரியுமாம்.

"பின்வழியால போவம், பூரணம்," என்றார் இவர் மெதுவாக.

"ஏலாது. போன வழியாலதான் வருவன்."

ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. படலையில் நின்றவர்கள் உள்ளே போனார்கள். ஆனால் மத்தியானச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்காத அந்த நேரத்தில், வளவுக்கு வளவு புகை எழும்பிக்கொண்டிருந்தது. முதலில் எனக்கு விளங்கவில்லை. மீன் விற்காத ஊர் இந்த நேரத்தில் எதைச் சமைக்கிறது? பிறகு ஒரு வேலிப் பொட்டுக்குள்ளால் (இடைவெளி வழியாக) பார்த்தேன். மூன்று கல் அடுப்பில் பெரிய பானை. பக்கத்தில் அரிசியும் இல்லை, மீனும் இல்லை. தண்ணீர்தான் கொதித்தது.

மச்சாள் வீட்டுக்கு முன்னால் என் கால் விட்டுவிட்டது. றோட்டோரத்தில் கிடந்த தென்னங்குற்றியில் இருந்தேன். அது அவருடைய படலைக்கு நேர் எதிர். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. இவர் அந்தப் படலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கேட்கமாட்டேன். கேட்டால் என் பேர் பூரணம் இல்லை.

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. மச்சாள் வெளியே வரவில்லை. குரல் மட்டும் வந்தது, தன் தம்பிக்குச் சொல்வது போல.

"சிவலிங்கம், அவளைக் கொஞ்சம் இருக்கச் சொல்லு. இப்பதான் இறக்கினனான். ஆறவேணும்."

இருந்தேன். முந்தி என்றால் ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருக்கமாட்டேன். அன்று ஆறட்டும் என்று இருந்தேன். எனக்கு நேரம் இருந்தது.