ஓடைக்கு மேல் நடந்தவள்

இன்று மாலை கொழும்புத்துறை மினிபஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கனடாவிலிருந்து தங்கச்சி வீடியோ கோல் எடுத்தாள். அங்கே விடிந்து கொஞ்ச நேரம். உறைந்த நீர்வீழ்ச்சி ஒன்றைப் பார்க்கக் காட்டுக்குள் தனியாகப் போயிருக்கிறாள்.

"பாருங்கோ அக்கா, ஒரு சத்தமும் இல்லை."

எனக்குக் கேட்டது. இயர்போனில், அவளுடைய காலுக்குக் கீழே, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ எங்கை நிக்கிறாய்?"

"பாதையிலைதான். நல்ல மட்டமாக் கிடக்கு."

போனைப் பின்பக்கம் திருப்பினாள். வெள்ளைப் பனியில் அவளுடைய காலடித் தடங்கள் தண்ணீர் ஊறி ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டு வந்தன. ஆறே இல்லாத ஊரில் வளர்ந்தவள், மேலே மட்டும் உறைந்து பனி மூடிய ஓடையைப் பாதை என்று நினைத்து அதன் நடுவில் நடந்திருக்கிறாள்.

"ஓடு!" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

பக்கத்தில் வெறுங்கூடையோடு இருந்த மீன்கார அக்கா திரையைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"ஓடச் சொல்லாதேங்கோ ரீச்சர், படுக்கச் சொல்லுங்கோ. கடற்சேத்திலை கால் புதைஞ்சா நாங்கள் தவழ்ந்துதான் கரைக்கு வாறது."

சொன்னேன். திரையில் வானம் தெரிந்தது, பிறகு வெறும் வெள்ளை. அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. எங்கோ ஏதோ மெல்ல வெடித்தது.

"கரைக்கு வந்திட்டன் அக்கா."

"கெட்டிக்காரி," என்றார் மீன்கார அக்கா, நான் அதைச் சொன்னதும். "உது எந்தக் கடல்?"

சற்று முன் தங்கச்சி, தூரத்தில் தெரிந்த அந்த நீர்வீழ்ச்சியின் படத்தைத் தன் பக்கத்தில் போட்டிருக்கிறாள். "அடுத்த கிழமை மிச்சத் தூரம்" என்று எழுதியிருக்கிறாள். உங்களில் பாதிப் பேர் இதயம் போட்டிருக்கிறீர்கள். அம்மாவும் போட்டிருக்கிறார்.

அதற்குக் கீழே நான் என்ன எழுதட்டும், சொல்லுங்கள்.